ஒரு சாண் ரோஜா

வசந்தம் வந்தால் ஊரில் எல்லோருக்கும் முகம் மலர்கிறது. எனக்கு இந்த வருஷம் தலை குனிந்துவிட்டது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பின்பக்கத் தோட்டம். தோட்டத்தைப் பார்த்தால் நாத்தனார் ஞாபகம். ஞாபகம் வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு, எதற்காகத் திறந்தேன் என்பதையும் மறந்து நிற்கிறேன்.

முதலில் தலைகாட்டியது பூண்டு. உறைபனி கரைந்து மண் இளகியதும் இளகாததுமாக, வரிசை பிசகாமல் பச்சைக் குருத்துகள் மூன்று விரல் உயரத்துக்கு நின்றன. குளிருக்கு முன்னால் ஒவ்வொரு பல்லாக ஊன்றி, மேலே காய்ந்த இலைகளைப் போட்டு மூடியவர் நாத்தனார். "பூண்டு கடையில கிடைக்காதாக்கா?" என்று அப்போது நான் நக்கலடித்தேன். அடுத்த வாரம் கறுத்துக் காய்ந்து கிடந்த தண்டுகளுக்கு நடுவிலிருந்து புதினா கிளம்பியது. பிளம்ஸ் மரத்தில் மிளகு அளவுக்கு மொட்டுகள். குருவி ஒன்று வாயில் வைக்கோலோடு கொட்டகைக் கூரைக்கும் மதிலுக்குமாக அலைந்தது. வேறு வீட்டுக்காரியாக இருந்தால் டீத் தம்ளரோடு படியில் உட்கார்ந்து ரசித்திருப்பாள். நான் கொல்லைக்கதவைத் தாழ் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

நாத்தனார் என் கணவருக்கு ஒரே அக்கா. என் பெண் பேசத் தொடங்கிய வயதில் 'இஸ்திரி அத்தை' என்று பெயர் வைத்தாள். தெருவே அதைப் பிடித்துக்கொண்டு 'இஸ்திரி அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தது. பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் முப்பத்துநான்கு வருஷம் வேலை. கட்டில் விரிப்புகளை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். மறுபக்கம் அது சுருக்கமில்லாமல் வரும். அதை மடித்து அடுக்க வேண்டும். நாளெல்லாம் இதே. முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள் கோடு கோடாக இருக்கும். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. செய்தித்தாள், பிளாஸ்டிக் பை, கிழிந்த துண்டு, எதைக் கண்டாலும் நாலாக மடிப்பார். "அத்தை கண்ணுல பூனை பட்டா அதையும் மடிச்சு வச்சிடுவாங்க" என்பாள் என் பெண்.

நாத்தனாருக்குக் கல்யாணமாகிப் பதினான்கு மாதத்தில் வெளியூர் வேலைக்கென்று போன கணவர் திரும்பவில்லை. இவர் தேடிப் போனதில் அங்கே வேறு குடும்பம் இருந்தது. திரும்பி வந்து மறுநாளே வேலைக்குப் போனாராம். அழுதாரா என்று என் கணவரிடம் ஒருமுறை கேட்டேன். "அக்கா மூணு நாள் தலை வாரலை. அவ்வளவுதான் தெரியும்" என்றார். அப்போது அவருக்குப் பள்ளிக்கூட வயது.

என் பெண் பிறந்து மூன்று மாதத்தில் நான் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் நான். பிள்ளையை யார் பார்ப்பது என்று நாங்கள் இருவரும் முழித்துக்கொண்டிருந்தபோது, நாத்தனார் ஒரு பையோடு வந்து இறங்கினார். காலை வேலையை மாலை வேலைக்கு மாற்றிக்கொண்டு வந்திருந்தார். பகலெல்லாம் குழந்தை, மாலை நான் வந்ததும் சலவைக்கூடம். இப்படி ஐந்து வருஷம். அதற்கப்புறமும் போகவில்லை, நாங்களும் போகச் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷம் எங்கள் வீட்டில் இருந்தார். அத்தனை வருஷத்தில் கூடத்துப் பெரிய நாற்காலியில் அவர் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "இங்கேயே இருக்கேன்மா" என்று சமையலறை முக்காலியைத்தான் இழுத்துப் போட்டுக்கொள்வார். உட்காருங்கள் என்று நானும் ஒரு தடவைக்கு மேல் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றி என்ன பயன்?

தோட்டமும் அவர் போட்டதுதான். நாங்கள் குடிவந்தபோது அங்கே உடைந்த செங்கல்லும் துருப்பிடித்த தகரமும்தான் கிடந்தன. என் அம்மா அப்போது கொண்டுவந்து மதிலோரம் நட்ட கொடிரோஜா ஒன்று மட்டும் நின்றது. மற்றதெல்லாம் நாத்தனார் கைவேலை. யாரிடமும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. மருத்துவமனைத் தோட்டக்காரர் செய்வதைச் சலவைக்கூட ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

அந்த ரோஜாவில்தான் என் வாய் போய் விழுந்தது.

அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த வருஷத்திலிருந்து ரோஜா பூக்கவில்லை. கொடி மட்டும் தாறுமாறாக மதிலேறி, பக்கத்து வீட்டுத் தையற்காரம்மாவின் துணிக்கொடிவரை போய் ஆடைகளைக் கிழித்தது. அம்மா போன துக்கத்தில்தான் செடி பூக்கவில்லை என்று நான் நம்பினேன். படித்தவள் இப்படி நம்பலாமா என்று கேட்காதீர்கள். நம்பினேன். யாரும் அதைத் தொடக்கூடாது என்றும் நினைத்தேன். ஆனால் அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

குளிர் முடியப் போகிற சமயம் அது. அன்று நாத்தனாருக்கு வார விடுமுறை. மாலை நான் வீட்டுக்கு வந்து, துணி காய்ந்ததா என்று பார்க்கக் கொல்லைக்கதவைத் திறந்தேன். மதில் மொட்டையாக நின்றது. கீழே முள்கொடிகள் ஒரு குவியல். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு நாலே நாலு கட்டைகள். பக்கத்தில் நாத்தனார் மண்டியிட்டுச் சருகுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க!"

"வெட்டி விட்டேன்மா. பழைய கொடியெல்லாம் முத்திப் போச்சு. இப்ப வெட்டினாத்தான் அடியிலேருந்து..."

"யாரைக் கேட்டு வெட்டினீங்க? எங்கம்மா கையால வச்ச செடி! அது தெரியுமா தெரியாதா?"

"நான் அன்னிக்கே உன்கிட்ட..."

"பேசாதீங்க!"

எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். இருபது வருஷமாக அலுவலக ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, படிவத்தைத் தப்பாக நிரப்பிக்கொண்டு வருகிற பெற்றோரையெல்லாம் ஏசிப் பழகியவள். கோபம் தலைக்கேறினால் எதிரில் நிற்பது யாரென்று தெரியாது. அன்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். கடைசியில் சொன்னேன்:

"ஒண்ணைப் பெத்து வளர்த்திருந்தா அருமை தெரிஞ்சிருக்கும். உங்களுக்கு வெட்டத்தானே தெரியும்!"

மதிலுக்கு அந்தப் பக்கம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றுவிட்டது. நாத்தனார் பெருக்குவதை நிறுத்தவில்லை. எனக்குப் பின்னால், சமையலறை வாசலில் என் பெண் நின்றிருந்தாள்.

"அப்போ என்னை வளர்த்தது யாரும்மா?" என்று கேட்டாள்.

"நீ உள்ள போ" என்றேன். வேறென்ன சொல்வது? சொன்னது நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டிய பேச்சு என்று அந்த நொடியே தெரிந்தது. அப்படித் தெரிந்ததும் என்னைப் போன்றவர்களுக்குக் கோபம்தான் இன்னும் கூடுகிறது. பாத்திரத்தை 'ணங்'கென்று வைத்தேன். கதவை அறைந்து சாத்தினேன்.

இத்தோடு முடிந்திருந்தால் வாய்த்துடுக்கு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். முடியவில்லை. நாத்தனார் 'நான் அன்னிக்கே உன்கிட்ட' என்று ஆரம்பித்தாரே, அது உண்மை. அதற்கு ஒரு வாரம் முன்னால் அவர் என்னிடம் கேட்டிருந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து கைபேசியில் என் தங்கை அனுப்பிய கல்யாணப் புடவைப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, "ஏம்மா, அந்த ரோஜாவை ஒட்ட வெட்டி விடட்டுமா? வெட்டினா இந்த வருஷம் பூக்கும்" என்றார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "செய்யுங்கக்கா, அதுக்கு என்ன" என்றேன். அவர் பேசும்போதெல்லாம் நான் அப்படித்தான் பதில் சொல்வேன். காதில் விழும், மனசில் நிற்காது.

அந்த நாலு கட்டைகளைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தபோது அது எனக்கு ஞாபகமில்லை. சத்தியமாக இல்லை. 'நான் அன்னிக்கே' என்று அவர் வாயெடுத்ததும் பளிச்சென்று ஞாபகம் வந்தது. அதனால்தான் 'பேசாதீங்க' என்று அடக்கினேன்.

ஏழு மணிக்கு என் கணவர் வந்தார். நகரப் பேருந்து ஓட்டுநர். நாளெல்லாம் ஹாரன் அடிக்கிறவர் என்பதாலோ என்னவோ வீட்டில் வாயைத் திறக்கவே மாட்டார். வந்ததும் வராததுமாக அவரிடம் ஒப்பாரி வைத்தேன். "அம்மா வச்ச செடியை உங்கக்கா ஒரு வார்த்தை கேக்காம வெட்டிப் போட்டுட்டாங்க."

அவர் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என் அம்மாமேல் அவருக்கு மரியாதை அதிகம். அக்காவிடம் மெதுவாகத்தான் கேட்டார்: "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா?"

நாத்தனார் தம்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் அடுப்பின் பக்கம் திரும்பி, கொதிக்காத குழம்பைக் கிண்ட ஆரம்பித்தேன். அவர் நினைத்திருந்தால் அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். எழுந்து அறைக்குள் போனார். மூன்றாம் நாள், என் கணவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், மருத்துவமனைக்குப் பின்னாலுள்ள ஊழியர் குடியிருப்பில் ஓர் அறை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். "வேலைக்குப் பக்கம்மா" என்றார். வந்தபோது கொண்டுவந்த அளவுக்கு ஒரே பை.

என் கணவருக்கு மனசு விட்டுப்போயிற்று. "செஞ்சதும் செஞ்சுட்டு, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாங்களே. அக்காவுக்கு இவ்வளவு ரோஷமா?" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அக்காவைப் போய்ப் பார்க்கவும் இல்லை. உண்மையைச் சொல்ல எனக்கு நூறு சந்தர்ப்பம் கிடைத்தது. சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, அவர் ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது. ஒவ்வொரு தடவையும் நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று விழுங்கினேன். எனக்கு ஒரு சமாதானம் இருந்தது: செடி எப்படியும் பட்டுப்போய்விட்டது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதைக் கொன்றது அவர்தானே?

அந்தச் சமாதானத்துக்கும் வேட்டு வைத்தது வசந்தம்.

ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பும் நேரம். மதிலுக்கு மேலே தையற்காரம்மாவின் தலை தெரிந்தது. வாயில் நாலு குண்டூசி. அவற்றை எடுக்காமலே பேசுவது அவர் வழக்கம்.

"ஏங்க, உங்க ரோஜா துளிர்த்திருக்கே, பார்த்தீங்களா?"

"எது?"

"அதான், வெட்டினதுக்குக் குய்யோ முறையோன்னு கத்தினீங்களே, அதுதான்."

போய்க் குனிந்து பார்த்தேன். காய்ந்த பட்டைக்குள்ளிருந்து சிவப்பு முளைகள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில்லை, இரண்டில்லை. நாலு கட்டையிலும். பழைய கொடியில் மூன்று வருஷமாக நான் பார்க்காத சிவப்பு. ஒவ்வொரு வெட்டும் ஒரே சாய்வில், முளைக்கணுவுக்குச் சரியாக அரை விரல் மேலே. ஆத்திரத்திலோ அறியாமையிலோ வெட்டினவர் வேலை இல்லை அது.

"இஸ்திரி அக்காவுக்குக் கை ராசி" என்றார் தையற்காரம்மா. குண்டூசிகளை எடுத்துவிட்டு, "எப்ப வர்றாங்க?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் குத்தல் இருந்ததா என்று தெரியவில்லை. என் முகத்தில் ஈயாடவில்லை. "வருவாங்க" என்று முனகிவிட்டு உள்ளே ஓடினேன்.

அன்று அலுவலகத்தில் ஒரு தகப்பனார் படிவத்தில் பிள்ளையின் பிறந்த தேதியை மாற்றி எழுதிக்கொண்டு வந்தார். வழக்கமாக நான் ஒரு பிடி பிடித்திருப்பேன். "பரவாயில்லை, திருத்திக் கொடுங்க" என்றேன். பக்கத்து மேசைக்காரி, "உடம்பு சரியில்லையா உனக்கு?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மாலை என் பெண்ணிடம் ரோஜாவைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் மலரவில்லை. பரிசோதனைக்கூடப் பயிற்சிக்காக அதே மருத்துவமனைக்குப் போகிறவள்; அத்தையை வாராவாரம் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"அத்தைக்கு இந்த மாசத்தோட வேலை முடியுதும்மா" என்றாள். "அறையைக் காலி பண்ணணும். கூட வேலை பார்க்கிற ஆன்ட்டியோட அவங்க ஊருக்கே போறாங்க. ஞாயித்துக்கிழமை பஸ்ஸு."

"எந்த ஊரு?"

"ஒரு நாள் முழுக்கப் போகணும். இனிமே நம்மளால அடிக்கடி பார்க்க முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "அப்பா போய்ப் பார்க்கமாட்டாராம்மா?" என்றாள்.

அன்று வியாழக்கிழமை. அப்பாவிடம் ஊருக்குப் போகிற செய்தியைச் சொன்னாளாம். "நல்லபடியாப் போயிட்டு வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாராம்.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். சலவைக்கூடம் பின்வாசல் பக்கம். பத்தொன்பது வருஷத்தில் நான் அங்கே கால் வைத்ததில்லை. உள்ளே ஈரச் சூடு முகத்தில் அடித்தது. உருளைகள் ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. வேலை முடிய இன்னும் இரண்டு நாள்தான். ஆனாலும் நாத்தனார் விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் 'கொஞ்சம் இரு' என்று கையால் காட்டினார். தள்ளுவண்டிகளுக்கு நடுவில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மறுமுனையைப் பிடித்திருந்த அம்மாள் வேலையை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு என்னிடம் வந்தார். பருத்த உடம்பு, சிரித்த முகம்.

"நீங்கதானே தம்பி சம்சாரம்? பள்ளிக்கூடத்துல பெரிய வேலையாமே! 'எங்க வீட்டுப் பொண்ணு இல்லாம அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு காகிதம் நகராது'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. உங்க பெருமை கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளிச்சுப் போச்சு போங்க!"

அவர் வெள்ளந்தியாகத்தான் சொன்னார். எனக்கு அந்தத் தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. என் பெண் சொன்ன ஆன்ட்டி இவர்தான்; இவரோடுதான் அவர் ஊருக்குப் போகப் போகிறார். இவரிடம்கூட என்னை விட்டுக்கொடுக்கவில்லை.

உருளைகள் நின்றதும் நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இளைத்திருந்தார்.

"பாப்பா எப்படி இருக்கா? நேத்து இருமினாளே, மருந்து குடிச்சாளா?"

"குடிச்சாக்கா." தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ரோஜா துளிர்த்திருக்கு."

"ம்."

"நாலு கட்டையிலயும் வந்திருக்கு."

"உள்பக்கமா வர்றதை மட்டும் கிள்ளிவிட்டுடு. நடுவுல காத்து போகணும்."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சு முழுவதும் மறந்துபோனது. "தப்புப் பண்ணிட்டேங்க்கா. மன்னிச்சிடுங்க. வீட்டுக்கு வாங்க. எங்கயும் போக வேணாம்" என்று ஒரே மூச்சில் கொட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்ததும் மனசின் ஒரு மூலையில் நிம்மதி. அழுதாயிற்று, இனி இவர் சமாதானப்படுத்துவார் என்கிற நிம்மதி. அவ்வளவு கேடுகெட்டவள் நான்.

அவர் சமாதானப்படுத்தவில்லை. கோபப்படவும் இல்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா? வருத்தப்படாதே."

"கேளுங்கக்கா."

"அது பட்டுப் போயிருந்தா, வந்திருப்பியா?"

உருளைகள் நின்றுவிட்டதால் எங்கோ குழாய் சொட்டுவது கேட்டது. வந்திருப்பேன் என்று சொல்ல வாய் வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"வந்திருக்கமாட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றார். "செடி பொழச்சாலும் செத்தாலும், நீ சொன்னது சொன்னதுதானேம்மா? நீ செடியைப் பத்தியா பேசினே?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவருடைய செருப்பில் சோப்புத்தூள் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் கோவத்துல போகலை. வீடு பார்த்தாச்சு, ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கப் போறோம். அங்க போகணும்னு எனக்கே ஆசையா இருக்கு. அதனால வான்னு கூப்பிடாதே. எனக்கு வேற ஒண்ணுதான்." அவர் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் தடுமாறியது. "தம்பி தினம் இந்த வாசல் நிறுத்தத்துலதான் பஸ்ஸை நிறுத்துறான். ஹாரன் சத்தத்துலயே எனக்குத் தெரியும், அது அவன்தான்னு. ரெண்டு மாசமா ஒரு தடவை இறங்கி வந்து பார்க்கலை. அவன் மாமியார் வச்ச செடியை நான் கேக்காம வெட்டிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். சின்ன வயசுல அவன் பென்சிலைக்கூட நான் கேக்காம எடுத்ததில்ல."

"அன்னிக்கு அவர்கிட்ட நீங்களே சொல்லியிருக்கலாமேக்கா."

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன்."

டீ குடிக்கிறாயா என்று கேட்டார். குடித்தேன். கிளம்பும்போது பெண்ணுக்கு என்று ஒரு கம்பளிச் சட்டை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து வழக்கம்போலச் சமைத்தேன். ஏழரைக்கு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு, இப்படித்தானே இரண்டு மாதமாகத் தள்ளினோம் என்றும் நினைத்தேன். கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அக்கா கேட்டுட்டுத்தான் வெட்டினாங்க."

என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னது?"

"ரோஜாவை. ஒரு வாரம் முன்னாடியே என்கிட்ட வந்து கேட்டாங்க. நான் போனைப் பார்த்துக்கிட்டே, செய்யுங்கன்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட நான் சொன்னது பொய்."

என் பெண் சாப்பிடுவதை நிறுத்தினாள். என் கணவர் சோற்றைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். மறந்துபோயிருப்பேன், அதுதான் விஷயம் என்று அவருக்கு அவரே சொல்லிக்கொள்வது முகத்தில் தெரிந்தது. எனக்காக ஒரு நியாயம் தேடிக்கொண்டிருந்தார், பாவம்.

"எப்ப ஞாபகம் வந்துச்சு உனக்கு?" என்று கேட்டார். குரலில் எனக்கு வழிவிடுகிற தொனி இருந்தது. இன்றைக்கு என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நேற்று என்றாலும் நம்பியிருப்பார்.

"அன்னிக்கே" என்றேன். "கத்திக்கிட்டு இருக்கும்போதே."

அவர் எழுந்தார். பாதிச் சோறு தட்டில் இருந்தது. கையைக் கழுவிவிட்டு, வாசலில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டார். என் பெண்ணும் எழுந்துபோய், அத்தை கொடுத்த கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள்.

"நானும் வரட்டுமாங்க?" என்றேன்.

"வேணாம்" என்றார்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என்னை ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை. கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்கள்.